கெம்பம்மா பார்க்காமல் எழுதிய ஆறு வரிகள்

கெம்பம்மா அந்த ஆறு வரிகளை எழுதியது 1994 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு நடந்ததையெல்லாம் அவள் என்னிடம் சொல்லி முடிக்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

கெலமங்கலத்துக்கு மேற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரைமணி நேரம் நடந்தால் அவள் ஊர். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். பத்தாவது வரை படித்தாள். அவள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் தோட்டத்தில் மல்பெரி இலை பறித்தவர்கள். கெம்பம்மாவுக்கும் அதே வேலைதான் அமைந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்ததால் இலை பறிப்பதிலிருந்து பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைக்குள் வந்துவிட்டாள். புழுவுக்குக் காற்றில் ஈரம் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அதற்காகக் கொட்டகைச் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்களை ஒரே பலகையில் மாட்டியிருந்தார்கள். ஒன்றின் அடிக்குமிழ் சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் மெல்லிய துணித்திரி சுற்றி, அதன் வால் ஒரு கிண்ணத் தண்ணீரில் தொங்கும். காற்று உலர்ந்திருந்தால் திரியில் உள்ள தண்ணீர் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழைக் குளிர வைக்கும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, காற்றில் ஈரம் அவ்வளவு குறைவு. எட்டு வருடம் இதைப் பார்த்துப் பார்த்து, தட்டில் போட்ட இலை வாடுகிற வேகத்தை வைத்தே தெர்மாமீட்டர் என்ன காட்டும் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இதைக் கேள்விப்பட்டுத்தான் பார்வதி அவளைத் தேடி வந்தாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவள். முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பா தர்மபுரிப் பக்கம், அம்மா கன்னடக்காரி. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். 93 ஆகஸ்டில் ஒரு ஜீப்பில் வந்து கொட்டகை வாசலில் நின்று, கெம்பம்மாவை வெளியே அழைத்து வானத்தைக் காட்டினாளாம்.

மேலே ஒரு வெளிநாட்டுச் செயற்கைக்கோள் சுற்றுகிறது. அதில் இருக்கிற கருவி காற்றின் ஈரத்தை அங்கிருந்தே அளக்கிறது என்றாள். கெம்பம்மா அது எப்படி முடியும், திரியும் தண்ணீரும் அங்கே ஏது என்று கேட்டாள். பார்வதி சிரிக்கவில்லை. காற்றில் கலந்திருக்கும் நீராவி தன்பாட்டுக்கு ஒரு மெல்லிய அலையை வீசிக்கொண்டே இருக்கிறது, அது நம் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது, ரேடியோ அலை மாதிரி ஒன்று, மைக்ரோவேவ் என்பார்கள் என்று விளக்கினாள். மேலே போகிற கருவி அந்த அலையின் பலத்தைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய மேகம் குறுக்கே வந்தாலும் பெரிதாகத் தடுக்காது. எந்த உயரத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று ஓரளவுக்குப் பிரித்தும் சொல்லும். கடலுக்கு மேல் நன்றாகச் சொல்கிறது. ஆனால் இந்த மாதிரி மேட்டுநிலத்தில் தரையும் சேர்ந்து அலை வீசுவதால், தரையை ஒட்டிய காற்றின் ஈரத்தைச் சொல்லும்போது தடுமாறுகிறது.

“அது சொல்றது சரியா தப்பான்னு கீழேயிருந்து யாராவது சொல்லணும், கெம்பம்மா. அந்தக் கீழேயிருந்து சொல்ற ஆள் நீங்கதான்” என்றாள்.

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, ஆனேக்கல், கெலமங்கலம் என்று ஐந்து இடங்களில் வெள்ளை அடித்த மரப்பெட்டிகளை நான்கு கால்களில் நிறுத்தினார்கள். பக்கங்களில் சாய்வுச் சட்டம் வைத்த பெட்டி. காற்று புகும், வெயில் புகாது. உள்ளே அதே இரண்டு தெர்மாமீட்டர்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தை ஒட்டிக் காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் பார்த்து எழுத வேண்டும். ஒரு வேளைகூட விடக்கூடாது. கீழே எழுதியது இல்லையென்றால் மேலே அளந்தது வீண் என்று பார்வதி திரும்பத் திரும்பச் சொன்னாள். தொடங்கி இரண்டு மாதத்துக்குள் சூளகிரியில் பெட்டி பார்த்தவர் நான்கு நாள் விட்டுவிட்டார் என்று ஆளை மாற்றினார்கள். அந்தச் செய்தி கெலமங்கலம் வரை வந்தது.

கெம்பம்மா விடவில்லை. பெட்டி நின்றது ஒரு மல்பெரித் தோட்டத்து ஓரம். மாதச் சம்பளம் என்றதால் கொட்டகை வேலையை அவள் விட்டிருந்தாள். மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். காய்ச்சல் நாளில் புருஷன் கங்கப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். அரை டிகிரிவரை பார்த்து, மையால் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த வேலையில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது. ஊரில் அவளை ‘சேட்டிலைட்காரி’ என்று கேலியாகக் கூப்பிட்டவர்கள் சில மாதத்தில் அதையே பேராக்கிவிட்டார்கள்.

மாதம் ஒருமுறை வேனில் வந்து தாள்களை வாங்கிப் போனவர் நிலையத்து ஊழியர் நல்லுசாமி. சேலத்துப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். திரிக்குப் புதுத்துணியும், கிண்ணத்துக்கு ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீரும் அவர்தான் கொண்டுவர வேண்டும். முதல் மூன்று மாதம் கொண்டுவந்தார். நவம்பரோடு நின்றது. டிசம்பரில் கேட்டபோது, ஸ்டாக் வரவில்லை என்றார்.

“தண்ணி தண்ணிதானேம்மா. போர்த்தண்ணி நல்லாத் தெளிவாத்தானே இருக்குது, அதையே ஊத்திக்க” என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். கெம்பம்மா மாதாமாதம் போல அதில் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தாள் வாங்கிப் போனதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

போர்த்தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துப் போர்த்தண்ணீரில் அரிசி வேகாது, சோப்பு நுரைக்காது. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். திரியிலும் அப்படித்தான் படிந்தது, நாளாக நாளாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்.

பிப்ரவரியில் கெம்பம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. உதடு வெடிக்கிற வறட்சி, பழைய கொட்டகைப் பக்கம் போனால் இலை ஒரு மணி நேரத்தில் சருகாகிறது, ஆனால் பெட்டியில் ஈரக்குமிழ் அந்த அளவுக்கு இறங்கவில்லை. நல்லுசாமியிடம் சொன்னாள். அவர் பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீ பார்த்ததை எழுது, யோசிக்கிற வேலை உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பார்வதியும் அதைத்தானே சொல்லியிருந்தாள், மனசுக்குத் தோன்றியதை எழுதக்கூடாது, கண்ணுக்குத் தெரிந்ததை எழுத வேண்டும் என்று. அவள் பார்த்ததை எழுதினாள்.

மார்ச் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம், ஓசூரிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கங்கப்பன் வேலை பார்த்த பட்டறையின் ஆள். சிப்காட் தொழிற்பேட்டையில் தகடு வெட்டி வளைக்கிற சின்ன யூனிட் அது. பவர் பிரஸ்ஸில் கங்கப்பனின் வலது கை சிக்கிவிட்டது என்றார். கெம்பம்மா உடுத்திய புடவையோடு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மூன்று விரல்கள் போயிருந்தன. ஆஸ்பத்திரியில் அவனை ஒரு ஜன்னல் ஓரத்தில் படுக்கப் போட்டிருந்தார்கள். பேசவே இல்லையாம் அவன். பஞ்சுப் பொதி மாதிரி கட்டிய கையைத் தூக்கி மார்பில் வைத்துக்கொண்டு, இல்லாத விரல்கள் அரிக்கின்றன என்று மட்டும் இரண்டாம் நாள் சொன்னான். முதல் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவளுக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. பார்வதியின் டெலிபோன் நம்பர் நோட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் இருந்தது. நோட்டு பெட்டியின் அடித்தட்டில் பூட்டி இருந்தது. சாவி அவள் இடுப்பில். யாரையாவது அனுப்பலாம் என்றால் யாரை அனுப்புவது? அவள் அப்புறம் அதை நினைக்கவில்லை. நினைத்தாலும் அடுத்த நிமிஷம் கங்கப்பன் முனகினான்.

வெள்ளிக்கிழமை காலை, துணிமணி எடுத்துப் போக ஊருக்கு வந்தாள். நேரே பெட்டிக்குப் போனாள். செவ்வாய் மாலை முதல் வெள்ளி காலை வரை ஆறு வரிகள் காலியாக இருந்தன.

அங்கேயே நின்று யோசித்தாள். கங்கப்பன் இனி அந்த வேலைக்குப் போகப்போவதில்லை. வேறு வேலை கிடைக்குமா என்பதும் தெரியாது. சூளகிரிக்காரர் நான்கு நாளுக்குப் போனார் என்றால் மூன்று நாளுக்கு என்ன ஆகும்? அவள் பேனாவைத் திறந்தாள். மூன்று நாளும் வெயில் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் வந்த காற்று, நாக்கு ஒட்டிக்கொண்ட வறட்சி, விரித்த ஈரத்துண்டு எவ்வளவு நேரத்தில் காய்ந்தது என்பதெல்லாம் வந்தன. அந்த மாதிரிக் காற்றில் கொட்டகைத் தெர்மாமீட்டர் என்ன காட்டுமோ அதை எழுதினாள். செவ்வாய் மாலை, உலர்குமிழ் 29, ஈரக்குமிழ் 18. முந்தைய நாள் அதே 29-க்குப் பெட்டியில் 21 பார்த்து எழுதியிருந்தாள். அது வேறாக இருக்கிறதே என்று அவள் கவனிக்கவில்லை. ஆறு வரிக்கும் ஆறு கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டுத் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு கங்கப்பனிடம் சொன்னாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் அளவுகள் காந்த நாடாக்களில் பதிந்து தாமதமாகத்தான் வரும். ஜூன் மாதம் பார்வதி மறுபடியும் வந்தாள். இந்த முறை கையில் சுருட்டிய பெரிய தாள். கெம்பம்மா வீட்டுக்குள் வந்து தரையில் விரித்து, நான்கு மூலையிலும் சொம்பையும் டம்ளரையும் வைத்தாள். தாளில் இரண்டு கோடுகள் ஓடின. நீலம், மேலேயிருந்து அளந்தது. சிவப்பு, கெம்பம்மா எழுதியது.

மற்ற நான்கு இடங்களில் இரண்டும் ஓரளவு ஒட்டிப் போகின்றன, இங்கே மட்டும் சிவப்பு விலகுகிறது என்றாள் பார்வதி. டிசம்பரிலிருந்து மெல்ல மெல்ல மேலே போய், மார்ச்சில் காற்றின் ஈரம் முப்பத்தைந்து என்று மேலே சொன்னால் கீழே ஐம்பது என்று வருகிறது. பிறகு அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இங்க பாருங்க. மார்ச் எட்டு சாயங்காலத்துல இருந்து பதினொண்ணு காலை வரைக்கும். அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்குது. இந்த மூணு நாள் மட்டும் எப்படி?”

கெம்பம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்வதியிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. பெட்டி மல்பெரித் தோட்டத்து ஓரம் இருக்கிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினால் அங்கே மட்டும் காற்றில் ஈரம் கூடும். பல கிலோமீட்டரை ஒரே புள்ளியாகப் பார்க்கிற கருவிக்கு அது தெரியாது. அந்த மூன்று நாளும் மோட்டார் ஓடாமல் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் கருவியும் சரி, கெம்பம்மாவும் சரி. விலகலுக்குக் காரணம் பாசனம். இதைக் கண்டுபிடித்ததில் அவள் முகம் மலர்ந்திருந்தது. அவளுடைய மேலதிகாரிக்கும் பிடித்துப்போய், அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் அவளையே பேசச் சொல்லியிருந்தார்.

“அந்த மூணு நாள் தோட்டத்துக்குத் தண்ணி பாயலைதானே?”

“ஞாபகம் இல்லீங்க மேடம்” என்றாள் கெம்பம்மா.

பார்வதி அதைக் குறித்துக்கொண்டாள். போகும்போது கங்கப்பனின் கையைப் பார்த்துவிட்டு, எப்போது நடந்தது என்று கேட்டாள். மாசியில் என்று கங்கப்பனே சொல்லிவிட்டான். தேதி கேட்கவில்லை அவள். ஜீப் ஏறும்போது, நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இந்தப் பெட்டிதான் பலன் கொடுத்தது என்று சொல்லி, கெம்பம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

கெம்பம்மா அன்று இரவு அதைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தான் பார்க்காமல் எழுதிய மூன்று நாள்தான் சரி, பார்த்துப் பார்த்து எழுதிய நூறு நாளுக்கு மேல் தப்பு என்றால், பெட்டியில் ஏதோ கோளாறு. மறுநாள் பகல் பெட்டியைத் திறந்து, வருடக்கணக்கில் பார்க்காத மாதிரி திரியைப் பார்த்தாள். தொட்டால் துணியாகவே இல்லை. சுண்ணாம்பு பூசின நூல் மாதிரி விறைத்திருந்தது. அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். கங்கப்பனின் பழைய வேட்டியில் மெல்லிய துண்டு கிழித்து, வெந்நீரில் அலசிக் குமிழில் சுற்றினாள். கிண்ணத்தில் முந்தின வாரம் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றினாள். பதினைந்து நிமிடத்தில் ஈரக்குமிழ் இரண்டரை டிகிரி கீழே இறங்கியது.

பாசனமும் இல்லை, ஒன்றும் இல்லை. போர்த்தண்ணீர்.

இப்போது அவளிடம் சொல்வதற்கு ஒரு நல்ல விஷயம் இருந்தது. அதுதான் அவளை மேலும் கலக்கியது. திரி கெட்டுப்போனதை மட்டும் சொல்லிவிடலாம். அது அவள் தப்பு இல்லை. ஆனால் அதே கெட்ட திரிதானே மார்ச் எட்டாம் தேதியும் குமிழில் இருந்தது? அன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாகக் காட்டியது என்று கேட்டால்?

கங்கப்பன் இரண்டையுமே சொல்ல வேண்டாம் என்றான். அவன் அப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தான். இடது கையால் பீடி பற்ற வைக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

“நீ போயி சொன்னா யாருக்கு என்ன வரப்போவுது? வானத்துல போறது போயிக்கினேதான் இருக்கும். இங்க இருக்கிறது உன் வேலை ஒண்ணுதான்.”

“அந்தப் பொண்ணு நாலு பேரு முன்னாடி நின்னு பேசப்போவுது. நான் எழுதினதை நம்பி.”

“அது படிச்ச பொண்ணு. அதுக்கு வேற வேலை கெடைக்கும். நமக்கு?”

ஒன்பது நாள் இப்படியே போயிற்று. காலையும் மாலையும் பெட்டியைத் திறக்கும்போது, இப்போது சரியாகக் காட்டுகிற அந்தத் தெர்மாமீட்டரைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம். பத்தாம் நாள் காலை அளவை எழுதிவிட்டு, பழைய திரியைக் காகிதத்தோடு முந்தானையில் முடிந்துகொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து பெங்களூர் பஸ் பிடித்தாள். திரியைப் பற்றி மட்டும் சொல்வது என்றுதான் முடிவு செய்திருந்தாள்.

அந்த நிலையத்தை விசாரித்துக் கண்டுபிடிக்கப் பகல் ஒன்றாகிவிட்டது. பார்வதி அவளைப் பார்த்துப் பதறிப்போய் உள்ளே அழைத்துப்போனாள். தன் மேஜையில் உட்கார வைத்து, அங்கே இருந்தவர்களிடமெல்லாம், இவங்கதான் கெம்பம்மா, நான் சொன்னேனே என்று காட்டினாள். கெம்பம்மா முடிச்சை அவிழ்த்துத் திரியை மேஜையில் வைத்தாள். தண்ணீர் வராததைச் சொன்னாள், போர்த்தண்ணீரைச் சொன்னாள், வேட்டித்துணியையும் இரண்டரை டிகிரியையும் சொன்னாள்.

பார்வதி அந்தத் திரியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரலால் நசுக்கினாள், வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அவள் முகம் மாறியது. பாசனம் என்று எழுதிய பக்கங்கள் போயின என்று புரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் சமாளித்துக்கொண்டு, நல்ல காலம், கூட்டத்துக்கு முன்னால் தெரிந்தது என்றாள். பிறகு அவள் கண் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் போனது.

“இதே திரிதான் மார்ச்லயும் இருந்ததா?”

“ஆமாங்க.”

“அப்ப அந்த மூணு நாள்?”

கெம்பம்மா எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அந்த மூணு நாளு நான் பெட்டிகிட்டயே இல்லீங்க மேடம். அவருக்குக் கை போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்தேன். வந்து, பாக்காமயே எழுதிட்டேன்.”

அறையில் இருந்த மற்றவர்கள் தலை நிமிர்ந்தார்கள். பார்வதி திரியை மறுபடி காகிதத்தில் வைத்து மடித்தாள். பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“காலியா விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே.”

“சூளகிரியில ஆள மாத்தினீங்களே மேடம்.”

“அவன் நாலு நாள் வரலைங்கிறதுக்காகவா மாத்தினேன்? வராம இருந்துட்டு வந்த மாதிரி எழுதினான். அதுக்குத்தான் மாத்தினேன்.”

கெம்பம்மாவுக்கு அதுவரை அது தெரியாது. நான்கு நாள் விட்டதற்காக மாற்றினார்கள் என்றுதான் நல்லுசாமி சொல்லியிருந்தார்.

மேலதிகாரி கெம்பம்மாவை நேரில் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பார்வதியிடம் பேசியதுதான் தெரிந்தது. நல்லுசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மாதாமாதம் ஐந்து லிட்டர் வடித்த தண்ணீரும் இரண்டு திரியும் பெற்றுக்கொண்டதாக ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கெம்பம்மாவின் கையெழுத்து இருந்தது. அவள் கையெழுத்துதான். கெம்பம்மா அதை மறுத்துச் சொன்னபோது நல்லுசாமி கோபப்படக்கூட இல்லை. பார்க்காமல் எழுதுகிறவள் வாங்கிவிட்டு வாங்கவில்லை என்று சொல்வதில் என்ன அதிசயம் என்று பொதுவாகச் சொன்னார். அங்கே இருந்தவர்களுக்கு அது பொருத்தமாகப் பட்டது.

மாலை மூன்று மணிக்குப் பார்வதி வெளியே வந்தாள். கெலமங்கலத்துத் தாள்களை முழுவதுமாகத் தள்ளிவிடுகிறார்கள் என்றாள். ஆகஸ்டிலிருந்து எழுதிய எல்லாவற்றையும்.

“மத்ததெல்லாம் பாத்து எழுதினதுங்க” என்றாள் கெம்பம்மா.

“எனக்கு எப்படித் தெரியும்?”

பார்வதி அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவளுக்குக் காட்டக் கெம்பம்மாவிடம் எதுவும் இல்லை. கோணி போட்டு நனைந்து போன காலைகளையும், காய்ச்சலோடு போனதையும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த வாரம் இரண்டு ஆட்கள் வந்து பெட்டியைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். நல்லுசாமி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது கெம்பம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அவர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை என்றாள் என்னிடம். ஊரில் விஷயம் வேறு மாதிரி பரவியது. கெம்பம்மா பொய்க் கணக்கு எழுதி, சேட்டிலைட்டையே தப்பாகக் காட்ட வைத்துவிட்டாள் என்றார்கள். பழைய கொட்டகைக்காரரும் முதலில் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்.

அந்த வருடம் அவர்களுக்குக் கஷ்டமான வருடம். கங்கப்பன் சொல்லிக் காட்டவில்லை. அதுவே அவளுக்கு அதிகமாக வலித்தது. ஒருமுறை மட்டும், இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சொல்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருப்பியா?” என்று கேட்டான். அவள் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. பிறகு அவனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அவளை, முட்டையிலிருந்து வந்த பச்சிளம் புழுக்களைப் பத்து நாள் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிற ஒரு நிலையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயும் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன, பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டரும். இலை வந்து இறங்குகிற அவசரத்தில் ஒரு வேளை பார்க்க முடியாமல் போனால் அந்தக் கட்டத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதினாள். மேற்பார்வையாளருக்கு அது பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், சும்மா ஏதாவது போட்டு வை என்று இரண்டு முறை திட்டினார். அவள் கேட்டுக்கொண்டாள், போடவில்லை.

98-ல் ஒரு நாள் பார்வதி அங்கே வந்தாள். ஆள் கொஞ்சம் கனத்திருந்தாள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறாளாம். தேன்கனிக்கோட்டைப் பஸ்ஸிலிருந்து இறங்கி விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். இருவரும் கொட்டகைக்கு வெளியே, இலைக் கோணிகள் மேல் உட்கார்ந்தார்கள்.

நான்கு இடத்து அளவுகளை வைத்துக் கட்டுரை வந்துவிட்டது என்றாள். கெலமங்கலம் அதில் இல்லை. அந்தப் பழைய திரியை மட்டும் அவள் தூக்கிப் போடவில்லை. அதே அளவு படிவு வந்த பிறகு ஈரக்குமிழ் எவ்வளவு கூடுதலாகக் காட்டும் என்று அறிய, ஒரு தெர்மாமீட்டரில் புதுத்திரியும் இன்னொன்றில் இந்தத் திரியும் சுற்றி, ஆறு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். புதுத்திரியில் போர்த்தண்ணீர் ஊற்றி எப்படிப் படிகிறது என்பதையும் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். பிறகு அந்த மூன்று நாளை விட்டுவிட்டு, டிசம்பரிலிருந்து கெம்பம்மா எழுதிய ஒவ்வொரு நாளிலும் அந்தக் கூடுதலைக் கழித்திருக்கிறாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். சிவப்பும் நீலமும் ஆகஸ்டிலிருந்து ஜூன் வரை சேர்ந்தே போயின.

“நீங்க பாத்துதான் எழுதியிருக்கீங்க. இல்லாட்டி இப்படி வராது. யாராலயும் இந்த அளவுக்குக் கற்பனையா எழுத முடியாது” என்றாள்.

“பெரியவர்கிட்டக் காட்டினீங்களா?”

“காட்டினேன். தாளை முழுசாப் பாத்தாரு. நல்லா இருக்குதுன்னாரு. அப்புறம், இத எந்த அடிப்படையில சேக்கிறதுன்னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

நல்லுசாமி ஓய்வு பெற்றுவிட்டதாகவும், அந்த ரசீதுகளைப் பற்றி யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை என்றும் சொன்னாள். அன்றைக்கு ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டதற்கு ஏதோ சொல்லத் தொடங்கினாள். கெம்பம்மா அவளை முடிக்க விடவில்லை. கேட்டது சரிதான் என்றாள். பார்வதிதான் மறுபடி ஆரம்பித்தாள். இத்தனை வருடமாக அவளுக்குள் இருந்த கேள்வி அது என்று தெரிந்தது. மூன்று நாள், பார்க்காமல், ஒரு டிகிரி பிசகாமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். கேட்கும்போது அவள் குரலில் வியப்பு இருந்தது.

“அதைக் கேக்காதீங்க மேடம். அதை நல்லதுன்னு யாரும் சொல்லக் கூடாது” என்றாள் கெம்பம்மா.

பார்வதி தாளை அவளிடம் கொடுத்தாள். கெம்பம்மா வாங்கிக்கொண்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் உள்ளே புழுக்களுக்கு இலை போட வேண்டிய நேரம் ஆகிவிட்டது. பார்வதி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே வந்து, கதவோரம் நின்று, அவள் இலையைப் பொடியாக நறுக்கித் தட்டுகளில் தூவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கெம்பம்மாவின் கையெல்லாம் இலைச்சாறு. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.